‘அந்தச் சொட்டு மருந்து கொடுத்த அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினாள், டாக்டர்’

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஓர் இளம் தாய் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடவில்லை. நான்கு பக்கக் கடிதம், முக்கியமானதை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

தலைப்பிரசவம். பெண் குழந்தை, ஏழு வாரம். பிறந்தபோது 2.9 கிலோ, ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போனபோது 4.1 கிலோ. தாய்ப்பால் மட்டும்தான். மூன்றாவது வாரத்திலிருந்து சாயங்காலம் ஆறு மணி ஆனால் அழ ஆரம்பிக்கிறாள், ஒன்பதரை பத்து வரை ஓய்வதில்லை. முகம் சிவந்து, கையை இறுக்கி மூடி, காலை வயிற்றோடு மடக்கி முக்குகிறாள், வயிறு கல் மாதிரி இருக்கிறது, காற்று பிரிந்தால் கொஞ்சம் அடங்குகிறாள். அவருடைய அம்மா தினமும் குளிப்பாட்டியதும் உரை மருந்து உரசித் தருகிறார். மாமியார் கிரைப் வாட்டர் இரண்டு பாட்டில் அனுப்பி, மூன்று வேளை அரைப் பாலாடை கொடுக்கச் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா ஓம வாட்டர் என்கிறார். போன வாரம் தெருமுனை மருந்துக் கடையில் ‘வயிற்று வலிக்கு’ என்று ஒரு சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள், பத்துச் சொட்டு. மூன்று நாளாக மலம் போகவில்லை, வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தொட்டு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு. தன் பாலில்தான் வாயு இருக்கிறதோ என்று பயந்து பருப்பு, கிழங்கு, முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ரசம் சோறு மட்டும் சாப்பிடுகிறார். கணவர், பேசாமல் டப்பா பாலுக்கு மாறிவிடலாம் என்கிறார். ‘இதில் எதைத் தொடரலாம், எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தால் தப்பா? சில நாள் நானும் அவளோடு உட்கார்ந்து அழுகிறேன்’ என்று முடித்திருக்கிறார். கூடவே அந்தச் சொட்டு மருந்தின் லேபிளை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறார், அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் நான் முதலில் நின்ற இடம் வேறு. ‘சொட்டு மருந்து கொடுத்த அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினாள், ராத்திரி எட்டு மணிக்குத் தூங்கியவள் மூன்று மணி வரை எழுந்திருக்கவே இல்லை, பால் கொடுக்க எழுப்பினாலும் கண் திறக்கவில்லை’ என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும் பகீரென்றது. ஆகவே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன்: அந்தச் சொட்டு மருந்தை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு சொட்டுகூட வேண்டாம்.

லேபிளில் இரண்டு பெயர் எழுதியிருக்கிறீர்கள், டைசைக்ளோமின், சைமெத்திகோன். இரண்டாவதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. முதலாவதுதான் விஷயம். டைசைக்ளோமின் குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும், பெரியவர்களுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும் வலிக்குத் தருகிற மருந்து. சின்னக் குழந்தைக்கு அது குடலோடு நிற்பதில்லை. மூச்சுத் திணறல், மூச்சு சில நொடி நின்றுபோவது, வலிப்பு, துவண்டு மயங்கிக் கிடப்பது, இவையெல்லாம் இந்த மருந்தால் பச்சிளம் குழந்தைகளுக்கு வந்திருக்கின்றன, இறப்புகளும் பதிவாகியிருக்கின்றன. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இதைத் தரக்கூடாது என்பது விதி. உங்கள் மகள் அன்றைக்குத் தூங்கியது வலி தீர்ந்ததால் வந்த தூக்கமாக எனக்குத் தோன்றவில்லை. ஏழு வாரக் குழந்தை இரவில் நான்கைந்து மணி நேரம் தூங்கலாம்தான், ஆனால் தொட்டு எழுப்பினால் சிணுங்க வேண்டும், மார்பைத் தேட வேண்டும்.

கடைசியாகக் கொடுத்து இரண்டு நாளுக்கு மேல் ஆகி, இப்போது பழையபடி பால் குடித்து, கை காலை உதைத்துக்கொண்டு இருக்கிறாள் என்றால் நடந்ததை நினைத்துப் பதற வேண்டாம். நேற்றோ இன்றோ கொடுத்திருந்து, குழந்தை சோர்ந்தோ மூச்சு வித்தியாசமாகவோ தெரிந்தால் இந்தப் பதிலைப் படித்து முடிக்கக் காத்திராமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். உங்களைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. கடைக்காரர் கொடுத்தார், லேபிளில் குழந்தைப் படம், சொட்டு மருந்து என்று பெயர், நீங்கள் நம்பியதில் தப்பு ஒன்றுமில்லை.

சரி, இப்போது அழுகைக்கு வருவோம்.

முதலில், இது என்ன அழுகை

நீங்கள் விவரித்திருப்பதை நாங்கள் கோலிக் என்போம். நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், நன்றாகப் பால் குடித்து எடை ஏறும் குழந்தை காரணம் தெரியாமல் அழுவது. 1954-இல் வெசல் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் வகுத்த இந்தக் கணக்கைத்தான் இன்றைக்கும் சொல்கிறோம். இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கும், ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் தானாக ஓயும். உங்கள் மகள் இப்போது அந்த உச்சியில்தான் இருக்கிறாள். ஆறு வாரத்தில் 1.2 கிலோ ஏறியிருக்கிறாள் என்பது, வயிற்றில் பெரிய கோளாறு எதுவும் இருக்க வாய்ப்பு குறைவு என்று எனக்குச் சொல்கிறது.

அப்புறம் இந்த வாயு. வயிற்றில் காற்று அடைத்துக்கொண்டதால் அழுகிறாள் என்று வீட்டில் எல்லோரும் நினைக்கிறீர்கள். பல நேரம் அது தலைகீழாக நடக்கிறது. வாயைத் திறந்து அழும் குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் காற்றை விழுங்குகிறது, அரை மணி நேரம் அழுதால் வயிறு உப்பத்தான் செய்யும், அழுகையில் வயிற்றுத் தசையை இறுக்குவதால் தொட்டால் கல் மாதிரி இருக்கும். காலை மடக்குவதும் முகம் சிவப்பதும் எந்தக் காரணத்துக்காக அழுதாலும் வரும். காற்று தொந்தரவு தருவது உண்மை, ஆனால் அதை வெளியே கொண்டுவரத் தண்ணீர் மாதிரி எதையாவது உள்ளே ஊற்ற வேண்டியதில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அழுகை எப்படியும் ஒன்பதரைக்கு ஓய்கிறது. ஏழு மணிக்குக் கொடுத்தது கேட்கவில்லை, எட்டு மணிக்குக் கொடுத்தது கேட்கவில்லை, ஒன்பது மணிக்குக் கொடுத்தது கேட்டது என்றால், பெயர் அந்த ஒன்பது மணி மருந்துக்குப் போய்விடுகிறது. மூன்றாம் மாத முடிவில் அழுகை தானாக நிற்கும்போது, அந்த வாரம் கையில் இருந்த பாட்டில் எதுவோ அதற்குப் பாராட்டு. பக்கத்து வீட்டு அக்காவின் ஓம வாட்டர் நம்பிக்கை இப்படி வந்ததாகத்தான் இருக்க வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை.

உங்கள் வீட்டு அலமாரியில் இருப்பவை

கிரைப் வாட்டர். 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்தாளுநர் தயாரித்தது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, தண்ணீர், இவற்றோடு 3.6 சதவீதம் ஆல்கஹாலும் அந்தக் காலக் கலவையில் இருந்தது. குடித்த குழந்தைகள் அமைதியாகத் தூங்கியதில் ஆச்சரியம் என்ன? இங்கிலாந்தில் 1990-களில்தான் ஆல்கஹாலை எடுத்தார்கள். இப்போது விற்பதில் அது இல்லை, ஆனால் கோலிக் அழுகையைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரமும் இல்லை. வாயில் விட்டதும் குழந்தை சப்புக்கொட்டி அமைதியாவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அது இனிப்பின் வேலை. ஊசி போடும்போது வலி தெரியாமலிருக்க மருத்துவமனைகளிலேயே இரண்டு சொட்டு சர்க்கரைக் கரைசலை நாக்கில் விடுவதுண்டு, சில நிமிடம் தாங்கும், அவ்வளவுதான். மூன்று வேளை அரைப் பாலாடை என்றால் அவள் சின்ன வயிற்றில் அந்த அளவுக்குத் தாய்ப்பால் இடம் இழக்கிறது. இதுவரை கொடுத்ததால் கெட்டது எதுவும் நடந்துவிடவில்லை, இனி வேண்டாம்.

ஓம வாட்டருக்கும் இதே பதில். ஓமம் உங்களுக்கு நல்லது, நீங்கள் குடியுங்கள். ஏழு வாரக் குழந்தைக்கு வெறும் தண்ணீரே வேண்டாம், தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதிகத் தண்ணீர் உள்ளே போனால் இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புகூட வரலாம்.

உரை மருந்து. இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அம்மா அதை அன்போடு செய்கிறார். உரைகல்லில் தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், சுக்கு, வசம்பு என்று ஒவ்வொன்றாக உரசி, வழித்து நாக்கில் தடவுகிற அந்தக் காட்சியை நானும் என் வீட்டில் பார்த்து வளர்ந்தவன்தான். என் சிக்கல் அளவில் இருக்கிறது. ஒரு சுற்று உரசினால் எவ்வளவு மருந்து கல்லில் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, காய் பழசா புதுசா, கல் சொரசொரப்பா வழவழப்பா, கை அழுத்தம் எவ்வளவு, எல்லாமே தினம் மாறும். ஜாதிக்காய் அளவு மீறினால் மயக்கம் தரும். வசம்பைப் பெயர் சொல்லாமல் பிள்ளை வளர்ப்பான் என்றே நம் ஊரில் மரியாதையாகச் சொல்வார்கள், ஆனால் அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் ஆய்வக விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968-இலேயே உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். கூடவே கல்லைக் கழுவிய தண்ணீர், காய்களை வைத்திருந்த டப்பா, உரசிய விரல், இவை எல்லாம் அந்த நாக்கு வரை போகின்றன. வாய்க்குள் வேண்டாம். வசம்பு வளையலும் கையில் வேண்டாம், இன்னும் சில வாரத்தில் கை வாய்க்குப் போக ஆரம்பித்துவிடும்.

பெருங்காயத்தைத் தண்ணீரில் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தோல் சிவக்காத வரை மெல்லிசாகத் தடவுவதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை, உண்மையில் வேலை செய்வது அந்த விரல் வட்டமாகத் தடவுவதுதான் என்று நினைக்கிறேன், தேங்காய் எண்ணெயே போதும். வாயில் மட்டும் ஒருபோதும் வேண்டாம். பெருங்காயம் கொடுத்த ஐந்து வாரக் குழந்தைக்கு இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போனது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. தேனும் ஒரு வயது வரை கூடாது. விளக்கெண்ணெய் புரையேறி நுரையீரலுக்குள் போனால் அந்தச் சளிக்காய்ச்சல் லேசில் தீராது.

சைமெத்திகோன் மட்டும் உள்ள சொட்டு மருந்து. பெரிய காற்றுக் குமிழிகளை உடைக்கும், இரத்தத்தில் சேராது, ஆகவே ஆபத்து குறைவு. ஆனால் மருந்தே இல்லாத வெறும் திரவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது கோலிக் அழுகையில் இதனால் வித்தியாசம் தெரியவில்லை. எதுவும் கொடுக்காமல் இருக்கவே முடியாது என்று வீட்டில் நெருக்கடி வந்தால், மருத்துவரிடம் காட்டி அளவு எழுதி வாங்கிக்கொண்டு இதைக் கொடுங்கள், லேபிளில் வேறு மருந்து சேர்ந்திருக்கிறதா என்று நீங்களே படியுங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளுக்கு லாக்டோபாசிலஸ் ரியூட்டரி என்ற நல்ல பாக்டீரியா சொட்டு சிலருக்குப் பலன் தந்திருக்கிறது, அதையும் அவரிடமே கேட்கலாம்.

‘எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கலாமா’ என்பதற்கு இதிலேயே பதில் வந்துவிட்டது. திரவமாக இருப்பதெல்லாம் லேசானது என்ற எண்ணம் நமக்கு உண்டு. 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் சிரப் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து இறந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள், அந்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. பயமுறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. குழந்தை வாய்க்குள் போகிற ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். வைட்டமின் டி சொட்டுக்கு அந்தக் காரணம் இருக்கிறது, அதை நிறுத்திவிடாதீர்கள். நாளுக்கு 400 யூனிட். கடையில் ஒரு மில்லிக்கு 400, 800 என்று இரண்டு விதமும் வரும், பாட்டில் மாறினால் அளவும் மாறும்.

மலம், உங்கள் சாப்பாடு, டப்பா பால்

ஆறு வாரத்துக்கு மேல் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளில் ஏழெட்டுத் தடவையும் போகலாம், ஒரு வாரத்துக்கு ஒருமுறையும் போகலாம். போகும்போது இளகலாக இருக்கிறதா என்பதுதான் கணக்கு. முக்கி முகம் சிவந்து, கடைசியில் மெத்தென்று போனால் அது மலச்சிக்கல் இல்லை, எந்தத் தசையை முக்க வேண்டும், எதைத் தளர்த்த வேண்டும் என்று அவள் பழகிக்கொண்டிருக்கிறாள். வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு, எதுவும் வேண்டாம். புண்ணாகும்.

உங்கள் பாலில் வாயு இல்லை அம்மா. பருப்போ கிழங்கோ சாப்பிட்டால் வருகிற காற்று உங்கள் குடலிலேயே உண்டாகி அங்கேயே தீர்ந்துவிடும், பாலுக்குள் குமிழியாக வந்து சேர வழியே கிடையாது. பத்தியம் என்று ரசம் சோற்றில் ஆறு வாரம் ஓட்டினால் நீங்கள்தான் இளைத்துப்போவீர்கள். இன்றைக்கே பருப்பு, முட்டை, மீன், கீரை எல்லாம் சாப்பிடுங்கள். ஒரே விதிவிலக்கு, குழந்தையின் மலத்தில் இரத்தமோ நிறைய சளியோ இருந்து, தோலில் கரப்பானும் இருந்தால் பசும்பால் ஒவ்வாமையா என்று பார்க்க வேண்டியிருக்கும், அதுவும் மருத்துவர் சொன்னபின்.

கணவரிடம் சொல்லுங்கள், டப்பா பாலுக்கு மாறினால் இந்த அழுகை நிற்காது. புட்டியில் குடிக்கும்போது காற்று கூடுதலாகத்தான் போகும், உங்களுக்குப் பால் சுரப்பது குறையும்.

மருந்து இல்லாமல் கையால் செய்பவை

பால் குடிக்கும்போது காம்பு மட்டும் வாயில் இருந்தால் ‘ட்ச், ட்ச்’ என்று சத்தம் கேட்கும், அதோடு காற்றும் போகும். கருவட்டத்தின் பெரும்பகுதி வாய்க்குள் போய், கீழ் உதடு வெளியே மலர்ந்து, முகவாய் மார்பில் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு பக்கம் முழுசாகக் குடித்து முடித்தபின் மறு பக்கம் மாற்றுங்கள்.

ஏப்பம் எடுப்பதை அவசரமாகச் செய்யாதீர்கள். உங்கள் தோளில் அவள் வயிறு லேசாக அழுந்தும்படி போட்டு, உள்ளங்கையைக் கிண்ணம் போல் குவித்து, இடுப்பிலிருந்து மேலாக மெதுவாகத் தட்டுங்கள், பத்து நிமிடம். வரவில்லையென்றால் மடியில் உட்கார வைத்து, ஒரு கையால் முகவாயைத் தாங்கி (கழுத்தைப் பிடிக்கக் கூடாது) கொஞ்சம் முன்னால் சாய்த்து மறுபடி தட்டுங்கள். சில வேளை ஏப்பம் வராமலே போகும், விட்டுவிடலாம். அழுகை உச்சத்துக்குப் போகும் முன்பே, ஐந்தரை மணிக்கே தூக்கிக்கொள்ளுங்கள். முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை உங்கள் முழங்கை மடிப்பில், உள்ளங்கை அவள் வயிற்றுக்குக் கீழே, இப்படி வீட்டுக்குள் நடந்தால் பல குழந்தைகள் அடங்கும். கால்களை சைக்கிள் மிதிப்பது போல் மெல்ல மடக்கி நீட்டலாம். வெதுவெதுப்பான குளியலைச் சாயங்காலத்துக்கு மாற்றிப் பாருங்கள். மின்விசிறி இரைச்சல், தூளி, மொட்டை மாடிக் காற்று, எது ஒத்துவருகிறதோ அது. தூங்க வைக்கும்போது மட்டும் மல்லாக்க.

தொக்கம் எடுக்கிறேன், உரம் விழுந்திருக்கிறது சேலையில் போட்டு உருட்டுகிறேன் என்று யாராவது வந்தால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். வாயில் ஊதுவதும் உறிஞ்சுவதும் அந்தப் பிஞ்சுக்கு ஆபத்து.

உடனே கிளம்ப வேண்டியவை

பச்சை நிறத்தில் வாந்தி, அல்லது குடித்ததெல்லாம் பீய்ச்சியடிப்பது போல் திரும்பத் திரும்ப வாந்தி. மலத்தில் இரத்தம். அழாத நேரத்திலும் வயிறு வீங்கி இறுகியிருப்பது. 100.4 டிகிரி காய்ச்சல், மூன்று மாதத்துக்குள் இந்த ஒன்றே போதும். பால் வேண்டாமென்று ஒதுக்குவது, துவண்டு கிடப்பது, ஒரு நாளில் ஆறு தடவைக்கும் குறைவாகச் சிறுநீர். தொடை இடுக்கில் புடைப்பு. அழுகையின் சுருதியே மாறி, கீச்சென்று கேட்பது. திடீரென்று ஒருநாள் என்றுமில்லாமல் வீறிட்டால் துணியைக் கழற்றிக் கால் விரல்களையும் பாருங்கள், உதிர்ந்த தலைமுடி ஒன்று விரலைச் சுற்றி இறுக்கியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன், பிரசவத்துக்குப் பின் உங்களுக்கு முடி கொட்டும் காலம்தானே.

மாமியாரிடம் ‘கிரைப் வாட்டர் கூடாதாம்’ என்று ஒரே போடாகப் போட்டால் மனசு வருத்தப்படும். அவர் அனுப்பியது பேத்தி அழுகிறாளே என்ற தவிப்பில். ‘டாக்டர் ஆறு மாதம் தாய்ப்பாலும் வைட்டமின் டி சொட்டும் தவிர வாய்க்கு வேறு எதுவும் வேண்டாம் என்கிறார், ஆனால் ஏப்பம் எடுக்கப் பழகிய கை வேண்டுமாம், நீங்கள் வந்து இரண்டு வாரம் இருங்கள் அத்தை’ என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் அம்மாவுக்கும் உரைகல்லுக்குப் பதில் எண்ணெய் தடவிவிடும் வேலையைக் கொடுத்துவிடலாம்.

அவளோடு உட்கார்ந்து அழுவதாக எழுதினீர்களே. தினம் நான்கு மணி நேரம் அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும், நீங்கள் மோசமான தாய் இல்லை. தாங்க முடியாமல் கோபம் வரும்போது குழந்தையை மல்லாக்கப் பாயில் கிடத்திவிட்டு அடுத்த அறைக்குப் போய் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு வாருங்கள், அழுதால் அழட்டும். எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் குலுக்கக் கூடாது, மூளையில் இரத்தக் கசிவு வந்துவிடும். இதை உங்கள் கணவரிடமும் சொல்லுங்கள், ஏழிலிருந்து எட்டு மணி வரை குழந்தை அவர் தோளில் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, நாளெல்லாம் அழுகை என்றால் அது வேறு விஷயம், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம், குணமாகக்கூடியது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

பத்தாவது வாரத் தடுப்பூசி வரை காத்திராமல் இந்த வாரமே ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் காட்டி எடை பார்த்துவிடுங்கள். போகும்போது அந்தச் சொட்டு மருந்து பாட்டிலை மறக்காமல் எடுத்துப் போங்கள், முடிந்தால் அம்மாவையோ அத்தையையோ கூட்டிப் போங்கள், அவர்களும் நேரில் கேட்கட்டும்.